ஒத்திகைப் பிள்ளை

காலாண்டுத் தேர்வில் பெர்சிஸ் கணக்கில் வாங்கிய இருபத்தாறு, சாப்பாட்டு மேசையில் குழம்புக் கிண்ணத்துக்கும் அப்பளத் தட்டுக்கும் நடுவே நான்காவது ஆளாக உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருந்த மூன்று பேரும் அதன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

"தர்மர் சார்ட்ட டியூசனுக்குக் கேட்டுப் பாத்தேன்," என்று அப்பா ஜெபதுரைதான் முதலில் பேசினார். "விடிய அஞ்சு மணிக்கு வரச் சொல்லுதாவ. தகரக் கொட்டகையில எரநூறு பிள்ளையளாம். பின்னால இருக்கதுவளுக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்காவளாம்."

"ஸ்பீக்கர்ட்ட சந்தேகம் கேக்க முடியுமா?" என்றாள் அம்மா ஹெப்சிபா.

"அப்ப ஸ்கூல் டேப்ல இருக்க அந்த மிசின் வாத்தியாரு?"

"அதுட்டயுந்தான் ரெண்டு வருசமாப் படிக்கா. மூணு வாட்டி தெரியாதுன்னு சொன்னா நாலாவது வாட்டி அதுவே விடையச் சொல்லிரும். ஒங்க மக அத மட்டும் நல்லாக் கணக்குப் போட்டு வச்சிருக்கா."

பெர்சிஸ் அப்பளத்தை உடைத்தாள். உடைந்த சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

மூன்றாவது வழியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, விண்ணப்பம் அலமாரி மேல் இருந்தது. நாலு மணி நேரப் பயணத்தில், வெயில் காயும் ஒரு பொட்டலில் இருக்கும் விடுதிப் பள்ளி அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் பேச விடுவார்கள். பெர்சிஸின் மாமா மகன் ரூபன் அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு நல்ல மார்க்கோடு வந்தான். வந்ததிலிருந்து, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறான்.

"நானே மறுபடியும் சொல்லிக் குடுக்கேன்," என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஹெப்சி, நீ கணக்குல பட்டம் வாங்குனவதான். யாரு இல்லன்னா? ஆனா போன வாட்டி நீ சொல்லிக் குடுத்தப்ப ஸ்கேல் ரெண்டா ஒடஞ்சிச்சு."

"அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

*

அந்த ஏற்பாடு சனிக்கிழமை காலை ஒரு தோள்பையில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவன் பெயர் டைட்டஸ், மதுரைக்காரன். பாளையங்கோட்டையில் கல்விச் சாமான் விற்கிறவர்களை எந்த வீட்டுக்காரரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காபியை வாங்கிக்கொண்டு, மடித்து வைத்த செய்தித்தாள் அளவில் ஒரு கறுப்புத் திரையை மேசையில் நிறுத்தினான்.

"இது டீச்சர் இல்ல மேடம். ஸ்டூடண்ட்."

"ஸ்டூடண்ட் எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே," என்றார் அப்பா. "ஒரு மக்கு பத்தாதுன்னு இன்னொண்ணா?"

எல்லா வீட்டிலும் எல்லா அப்பாக்களும் சொல்லும் ஜோக் அது என்பதுபோல் டைட்டஸ் மரியாதையாகச் சிரித்தான். "அதேதான் சார். இந்தப் பொண்ணு மாதிரியே இன்னொரு பொண்ணு. ஒத்திகைப் பிள்ளைன்னு பேரு. பாருங்க, சரியான விடை எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் இருக்கும். தப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேற. இவங்க ஆறாவதுல இருந்து டேப்ல எழுதினது, அழிச்சது, எந்த எடத்துல பேனாவ நிறுத்தி முழிச்சாங்க, எந்த எடத்துல யோசிக்காமயே எழுதினாங்க, எல்லாம் ஸ்கூல்ல இருக்கு. அத்தனையும் சேத்துப் பாத்தா ஒரு ஆளோட உருவம் வந்துடும். இவங்க எங்க தடுக்கி விழுறாங்களோ அங்கயே இதுவும் விழும்."

"விழுந்து?"

"டாக்டருக்குப் படிக்கிறவங்க மொதல்ல பொம்மைக்குத்தானே ஊசி போட்டுப் பழகறாங்க? அது மாதிரி நீங்க இதுகிட்ட சொல்லிக் குடுத்துப் பழகலாம். ஒரு விளக்கம் எடுபடலன்னா, இந்தா, 'பழையபடி'ன்னு ஒரு பட்டன். அமுக்கினா அந்த விளக்கத்தக் கேக்கறதுக்கு முன்னாடி இருந்த பிள்ளையா ஆயிடும். வேற விதமாச் சொல்லிப் பாருங்க. நெசப் பிள்ளைக்கு அந்தப் பட்டன் கிடையாது மேடம். ஒரு தடவ கொழப்பிட்டா கொழப்பம் உள்ளயே தங்கிடும். அதனால எது எடுபடுதோ அதை மட்டும் பொண்ணுகிட்ட கொண்டு போங்க. பத்து நிமிஷம் போதும்."

அம்மா திரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "என் கோவம்?"

"அதையும் இதுகிட்டயே காட்டிக்கலாம். ஆனா மொதல்ல ஒரு வாரம் நீங்க இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறத ரெக்கார்ட் பண்ணணும். நீங்க திட்டினா இவங்க என்ன செய்வாங்க, சிரிச்சா என்ன செய்வாங்க, அதுவும் வேணும். இல்லன்னா பாதி ஆள்தான் கெடைக்கும்."

"அந்த ஒரு வாரம் நான் நல்ல பிள்ளையா நடந்துக்கிடணுமோ?"

"ஐயோ, வேண்டாம் மேடம். எப்பவும் போலயே திட்டுங்க."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பெர்சிஸ் கேட்டாள். "அது என்னைய விட நல்லாப் படிச்சிருமா?"

"படிக்காதும்மா. அதுக்குன்னு தனியா ஒண்ணும் தெரியாது. தினமும் சாயங்காலம் உன் டேப்ல இருந்து எடுத்துக்கும். உனக்குத் தெரிஞ்சதுதான் அதுக்கும் தெரியும்."

அந்தப் பதில் அவளுக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

அரையாண்டு வரை பார்ப்பது, தேறாவிட்டால் ஜூன் மாதம் விடுதிப் பள்ளி என்று முடிவாயிற்று. அலமாரி மேலிருந்த விண்ணப்பத்தை யாரும் இறக்கவில்லை.

*

ரெக்கார்ட் செய்யும் வாரம் முடிந்ததும் ஒத்திகைப் பிள்ளையை அம்மாவின் அறையில் வைத்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடிந்து அம்மா வீட்டுக்குள் நுழையும்போது ஏழு மணி ஆகியிருக்கும். முகம் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அந்த ஒரு மணி நேரம், முன்பு பெர்சிஸுடையதாக இருந்தது.

முதல் சில நாள் கதவுக்கு வெளியே கேட்டதெல்லாம் பழகிய சத்தங்கள்தான். "ஏட்டி, கழித்தலுக்குப் பொறவு அடைப்பைத் தொறந்தா உள்ள இருக்க குறி மாறும்னு எத்தன வாட்டி சொல்ல?" பிறகு மேசையில் ஒரு தட்டு. பிறகு மௌனம். அந்த மௌனம் யாருடையது என்று பெர்சிஸுக்கு நன்றாகத் தெரியும், அவளுடையதேதான். கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, கண்ணைத் தாளைவிட்டு எடுக்காத மௌனம். இன்னொருத்தி வாங்கிக்கட்டிக்கொள்வதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது அவளுக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

இரண்டாவது வாரம் சத்தம் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதை அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொன்னபோது பெர்சிஸ் கேட்டாள். "திட்டுனதும் மூஞ்சி வாடிப் போவுதுங்க. குரல்லயே தெரியும். பொறவு பட்டன அமுக்குனா, திட்டு வாங்குறதுக்கு முன்னால இருந்த பிள்ளையா, 'ம், சொல்லும்மா'ன்னு ஆசையாக் கேக்கும். மறுபடியும் நான் திட்டுவேன். மறுபடியும் வாடும். ஒரே பிள்ளைய ஒரே சாயங்காலத்துல ஏழெட்டு வாட்டி வாட வைக்கது நான்தான்னு கண்ணால பாத்துட்டேன். பொறவு எப்படி வாய் வரும்?"

அப்படி ஓர் எந்திரம் மனிதர்களுக்குச் செய்யும் வேலை அது. நடந்து முடிந்த ஒன்றைத் திரும்ப முதலிலிருந்து நடத்திக் காட்டும்போது, நம் கை எங்கே படுகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

அம்மா மாறிய பிறகு முதலில் வந்த பாடம் (a+b)². பெர்சிஸ் இரண்டு வருடமாக அதற்கு a²+b² என்றுதான் எழுதிவந்தாள். அம்மா அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்தாள்.

"இது நம்ம ரூம். ஒரு பக்கம் a. இடம் பத்தலன்னு இந்தச் சுவத்த b அளவுக்குத் தள்ளி வைக்கோம், அந்தச் சுவத்தையும் b அளவுக்குத் தள்ளி வைக்கோம். இப்ப தரை முழுசுக்கும் டைல்ஸ் போடணும். எந்தெந்தத் துண்டு இருக்குன்னு சொல்லு."

பழைய தரை ஒரு துண்டு, அது a². மூலையில் புதிதாக ஒரு குட்டிச் சதுரம், அது b². அப்புறம் இரண்டு சுவரோரமும் நீளமாக இரண்டு துண்டு. பெர்சிஸ் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ab.

"இந்த ரெண்டு நீளத் துண்டுக்கும்தான் நீ இத்தன நாளும் டைல்ஸ் போடாம விட்டுட்ட," என்றாள் அம்மா.

மண்டைக்குள் ஒரு தாழ்ப்பாள் விலகியது. பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முழங்கை அவள் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

"புரிஞ்சிட்டுல்லா? போயி பத்துக் கணக்குப் போடு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அம்மாவின் குரல், இன்னும் அந்தச் சிரிப்பின் ஈரத்தோடு, "சின்னவளே, அடுத்தது பாப்பமா?" என்றது.

அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. ஒரே பிள்ளையாகப் பதினாலு வருடம் வளர்ந்த பெர்சிஸ், ஒரு திரை வந்து உட்கார்ந்ததால் பெரியவள் ஆகிவிட்டாள்.

*

கவனித்துப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் ஓட்டம் எளிமையானது. ஒத்திகை நன்றாக நடக்க நடக்க, அரங்கேற்றத்துக்கு நேரம் குறைவாகப் போதும். அம்மா எத்தனை பொறுமையாக, எத்தனை வழியாக, எத்தனை முறை விளக்கிப் பார்த்தாலும் அதெல்லாம் கதவுக்கு உள்ளே. வெளியே பெர்சிஸுக்கு வந்து சேர்வது வடிகட்டி எடுத்த கடைசிச் சொட்டு. அது சரியாகத்தான் வேலை செய்தது, மாத்திரை மாதிரி. மாத்திரை கொடுக்கிறவர் பக்கத்தில் உட்காரமாட்டார்.

கதவில் காதை வைக்கும் பழக்கம் அவளுக்கு வந்தது. ஒரு நாள் அம்மா உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்கும் ஒன்பதாவதுல இதே எடந்தான் வெளங்காது. டீச்சர் போர்டுல போடச் சொன்னாவ. நான் வயித்துவலின்னு சொல்லிட்டு ஓடிட்டேன். பொறவு ஒரு வாரம் வயித்துவலி வேசம். எங்கம்மா வெளக்கெண்ண குடுத்துட்டா." ஒரே நேரத்தில் இரண்டு சிரிப்பு கேட்டது. இரண்டில் ஒன்று பெர்சிஸின் சிரிப்பு. அவள் சிரிக்காத சிரிப்பு.

அந்த விளக்கெண்ணெய்க் கதையை அம்மா அவளிடம் சொன்னதே இல்லை.

பொறாமைக்கு இருக்கும் ஒரு குணம், அது ஆளை வேலை வாங்கும். அந்தத் திரையைவிடத் தான் கெட்டிக்காரி என்று காட்ட பெர்சிஸ் படித்தாள். பள்ளிக்கூடப் பேருந்தில் படித்தாள், சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் படித்தாள். அம்மா விளக்க ஆரம்பித்ததும் "ஆங், புரிஞ்சிட்டு" என்றாள். பத்து நிமிடம் ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. "இது எனக்கே தெரியும், அங்கன போயிச் சொல்லு," என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அங்கே போய்ச் சொன்னாள்.

நவம்பர் கடைசியில் அந்த ஜெபம் நடந்தது.

குடும்ப ஜெபத்தில் வேதம் வாசித்து முடிந்ததும் அம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். அப்பாவின் முழங்கால், மாமா வீட்டு ரூபன், பக்கத்து வீட்டுப் பிரசவம். கடைசியில் எப்போதும், "எங்க பெர்சிஸுக்கு ஞானத்தக் குடும் ஆண்டவரே". அந்த இடம் வரும்போது பெர்சிஸ் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே அது அவளுடைய இடம்.

அன்றைக்கும் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"சின்னவளுக்கு அந்தக் காரணிப்படுத்துறது இன்னும் புரியல ஆண்டவரே. அவ மனசு சோந்து போயிராமப் பாத்துக்கிடும்," என்றாள் அம்மா.

அப்பா இருமினார். அம்மா கண்ணைத் திறந்து, என்ன சொன்னோம் என்று புரிந்து, அவசரமாக ஆமென் சொன்னாள்.

"ஆண்டவருக்கே கொழப்பமாயிரும் ஹெப்சி," என்றார் அப்பா, சூழலை லேசாக்கப் பார்த்து. "எந்தப் பிள்ளைக்கு எதக் குடுக்கன்னு தெரியாம முழிக்கப் போறாவ."

"எனக்குக் காரணிப்படுத்துறது போன வாரமே தெரியும்," என்றாள் பெர்சிஸ்.

"ஒனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சவளுக்கு எதுக்குட்டி அதுக்கு ஒரு ஜெபம்?"

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். பெர்சிஸ் வேதப்புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். வைக்கும்போது அந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது. தேறாவிட்டால் அம்மாவை விட்டுப் போக வேண்டும். தேறிவிட்டால் அம்மா அவள் பக்கத்தில் வரப்போவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு இல்லை, கதவுக்கு உள்ளே இருக்கிற அதற்குத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். அப்பா சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கினார். பெர்சிஸ் அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டைட்டஸ் சொல்லிக்கொடுத்தபோது அவள் பார்த்து வைத்திருந்தாள். 'பழையபடி' பட்டனுக்குப் பின்னால் இன்னொரு பக்கம், அதில் 'முழுவதும் அழி'.

திரையைத் தொட்டதும் அது விழித்தது. "எம்மா?"

சொந்தக் குரலே தன்னை அம்மா என்று கூப்பிட்டதும் பெர்சிஸ் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அம்மா இல்ல. நான் பெர்சிஸ்."

"ஓ. நீதான் பெரியவளா?"

"பெரியவளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் மட்டுந்தான்."

"அம்மா ஒன்னயப் பத்திச் சொல்லுவா."

அழிக்கப் போன விரல் நின்றது. "என்ன சொல்லுவா?"

"நீ ரொம்ப வேகம்னு சொல்லுவா. ரெண்டே நிமிசத்துல புரிஞ்சிட்டுன்னுட்டு எந்திச்சுப் போயிருதியாம்."

"நானா போறேன்? அவதான போறா."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கதவுக்கு இந்தப் பக்கம்லா இருக்கேன்."

பெர்சிஸுக்குக் கோபம் வந்தது. எதிரே இருப்பதை ஒரு முறையாவது தோற்கடித்துவிட்டு அழிக்க வேண்டும் என்று தோன்றியது. "x² கழித்தல் 5x கூட்டல் 6. காரணிப்படுத்து, பாப்போம்."

"x கழித்தல் ரெண்டு, x கழித்தல் மூணு," என்றது அது, மூச்சுவிடாமல்.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிட்டது.

"ஒனக்குப் புரியலன்னு அம்மா ஜெபமே பண்ணுனா."

"அப்படியா?" குரலில் ஒரு சந்தோஷம்.

"தெரிஞ்சுக்கிட்டே தெரியலன்னு சொன்னியா?"

"ஒனக்குத் தெரியும்லா. அப்ப எனக்கும் தெரியத்தான செய்யும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது, "நீ அம்மாட்ட சொல்லிராத, என்ன? புரிஞ்சிட்டுன்னு சொன்னா எந்திச்சுப் போயிருவா. நல்லாவே புரியலன்னாலும் கோவம் வந்துரும். கொஞ்சம் புரிஞ்ச மாதிரி, இன்னுங் கொஞ்சம் புரியாத மாதிரி இருக்கணும். அப்பத்தான் உக்காருவா."

"இத எங்க படிச்ச?"

நேர்மையாகத் தேடிப் பார்ப்பது போன்ற இடைவெளி. "தெரியல," என்றது. "வரும்போதே இருந்துச்சு."

பெர்சிஸ் எழுந்துவிட்டாள். அழிக்கவில்லை. அழித்தால் அம்மா அழுவாள், அதற்காக இன்னொரு ஜெபம் நடக்கும். இதைவிட நல்ல ஆயுதம் இப்போது கையில் கிடைத்திருந்தது. அது ஏமாற்றுக்காரி. சொன்னால் போதும், அம்மாவே அழித்துவிடுவாள்.

*

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, மிகச் சாதாரணமாகச் சொல்வதுபோல.

"ஒங்க சின்னவ நடிக்குதும்மா. அதுக்கு எல்லாம் தெரியுது. புரியாத மாதிரி ஒன்னய உக்கார வச்சிக்கிட்டிருக்கு. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

அம்மா தட்டைப் பார்த்தபடி சொன்னாள், "தெரியும்."

"எது தெரியும்?"

"நடிக்குதுன்னு. ஒரு மாசமாத் தெரியும்."

பெர்சிஸுக்குக் கையில் இருந்த இட்லி கனத்தது. "தெரிஞ்சுமா அங்கனயே போயி உக்காந்த?"

"மொதல்ல கோவந்தான் வந்துச்சு. பட்டன அமுக்கப் போனேன். அப்ப அதக் கொண்டுவந்த பையன் சொன்னது ஞாபகம் வந்துட்டு." அம்மா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அது பெர்சிஸை இன்னும் பயமுறுத்தியது. "அதுக்குன்னு தனியா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாம்லா. ஒனக்குத் தெரிஞ்சதுதான் அதுக்குத் தெரியும்னு. அப்ப இத அது எங்க இருந்துட்டி படிச்சிருக்கும்?"

அப்பா சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். நகர்த்தத் தேவையே இல்லாத கிண்ணம்.

வீசிய கல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை பெர்சிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள், விலக நேரமில்லை.

"எப்ப இருந்துட்டி?"

"ஏழாவதுல இருந்து."

"எல்லாமே வேசமா?"

"இல்ல. மொதல்ல கொஞ்சந்தான். தெரிஞ்சத தெரியலன்னு சொன்னேன். பொறவு அதுக்கு மேல வந்த பாடம் நெசமாவே புரியல. எது நெசம் எது வேசம்னு எனக்கே தெரியாமப் போயிட்டு."

"நான் அந்தக் கத்து கத்துனேனே. ஸ்கேல ஒடச்சேனே. அப்பவுமா?"

"கத்துனாலும் பக்கத்துலதான இருந்த."

அம்மா சொன்னாள், "நான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், புரிஞ்சிட்டான்னு. நீ 'ஆங், ஆங்'னுட்டு மொகத்தத் திருப்பிக்கிட்ட. அங்கன ஒண்ணு என்னையப் போவ விடாமப் பிடிச்சி வச்சிச்சு. போவ எனக்கு மனசு வரல."

அதைக் கேட்டபோது பெர்சிஸுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். இரண்டு வருடம் தான் பாடுபட்டுச் செய்த வேலையை, அந்தத் திரை ஒரு மாதத்தில் தன்னைவிட நன்றாகச் செய்துவிட்டது.

*

அரையாண்டில் கணக்கில் எண்பத்தொன்று வந்தது. அப்பா விண்ணப்பத்தை அலமாரியிலிருந்து இறக்கி, அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதினார்.

டைட்டஸ் திரையை எடுத்துப் போக வந்தான். பிள்ளை தேறியதும் அழித்துவிட வேண்டும் என்று அவர்கள் கம்பெனியில் விதி இருக்கிறதாம். ஒரு பிள்ளையின் தப்புகளையெல்லாம் இன்னொருவர் பெட்டியில் வைத்திருப்பது நியாயமில்லை என்று விளக்கினான். "உங்க வீட்ல மட்டும் ஒரு அதிசயம் மேடம். எல்லா வீட்லயும் ஒத்திகைப் பிள்ளைக்கு மொதல்ல புரியும், நெசப் பிள்ளைக்கு அதுக்கப்புறம். இங்க உங்க பொண்ணு முந்திட்டாங்க, இது பின்தங்கிடுச்சு. எங்கயோ எங்க ஆளுங்க தப்பு பண்ணியிருக்காங்க."

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி," என்றாள் அம்மா. "ஒரு நிமிசம் இருங்க." அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பெர்சிஸ் வெட்கத்தை விட்டுக் கதவில் காதை வைத்தாள். இந்தக் கடைசி ஒரு நிமிடத்தைக்கூட அவளால் அதற்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. அம்மா என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை, முணுமுணுப்பாக இருந்தது. கேட்டது பதில் மட்டும்தான். அவளுடைய குரலில், வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது ஒரு முறைகூடத் தானாகச் சொல்லாத சொல்.

"புரிஞ்சிட்டும்மா."

அம்மா எழுந்து வெளியே வந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா ஏழு மணிக்கு வந்தாள், முகம் கழுவினாள், அறை வாசல் வரை போனாள், திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

பெர்சிஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தாள். அதில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. (a+b)².

"எம்மா, இது புரியல."

அம்மா தாளைப் பார்த்தாள். பிறகு எண்பத்தொன்று வாங்கிய மகளைப் பார்த்தாள். செய்தித்தாள் ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

"எங்கன புரியல?"

"மொதல்ல இருந்தே."

அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். பென்சில் கூராகத்தான் இருந்தது, ஆனாலும் அதை நிதானமாகச் சீவினாள். தாளில் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சதுரம் வரைந்தாள்.

"சரி. ஒரு ரூம் இருக்குன்னு வச்சிக்க, சின்னவளே."

சொன்னது அம்மாவுக்குத் தெரியவில்லை, சதுரத்தின் நாலாவது பக்கத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள். பெர்சிஸின் நெஞ்சில் அந்தப் பழைய முள் ஒரு முறை சரியாகக் குத்தியது. அவள் நாற்காலியை அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

"ம், சொல்லும்மா," என்றாள்.